பள்ளுப் பாட்டும் பாலாற்றுப் பாலமும்

ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஆகஸ்ட் 15 விழாவில் பாடுவதற்கு ஐந்து பெண்களைப் பொறுக்கி நிறுத்தினார்கள். அதில் நானும் ஒருத்தி. பாட்டு பாரதியின் ‘சுதந்திரப் பள்ளு’. பல்லவியைச் சொல்லிக்கொடுத்த டீச்சர் முதல் சரணத்துக்கு வந்ததும் நிறுத்தினார். “இது வேணாம்டி. யாராச்சும் எதாச்சும் சொல்லுவாங்க. அடுத்ததுலருந்து பாடுங்க” என்றார். ஏன் வேண்டாம் என்று கேட்கிற வயதில்லை எங்களுக்கு. கேட்டுப் பழகிய தெருவும் இல்லை. சங்கு ஊதுகிற இடம் வந்ததும் கையைக் குவித்து வாயில் வைத்துக்கொண்டோம். எல்லோரும் கைதட்டினார்கள். ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து தாத்தாவிடம் பாடிக் காட்டினேன். தாத்தா ஆம்பூரில் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்த்தவர். முழங்காலுக்குக் கீழே வெந்து வெந்து ஆறிய கால், மரப்பட்டை மாதிரி இருக்கும். முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார்.

“சுதந்திரம் வந்த அன்னிக்கு நீ இன்னா பண்ண தாத்தா?”

“அன்னிக்கு ஷாப்பு லீவு.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ஷாப்பு லீவுன்னா கூலியும் லீவுடி. நான் அப்ப ஆவாரம்பட்டை மூட்டை தூக்கற பொடிப்பையன். எங்கம்மா கூழுல தண்ணிய ஊத்தி ஊத்திக் கலக்கனாங்க. மறுநாளு காத்தால ஷாப்பு தொறந்தாங்க. போனோம்.”

சுதந்திரத்தைப் பற்றி என் தாத்தாவின் வாய்மொழி வரலாறு இவ்வளவுதான். பின்னால் எம்.ஏ. தமிழ் படிக்கப் போய், நூலகத்தில் பாரதி தொகுப்பை எடுத்து அந்தப் பாட்டை முழுசாகப் பார்த்தேன். டீச்சர் தாண்டிய முதல் சரணம் இருந்தது. தலைப்புக்குக் கீழே, மேடையில் யாரும் சொல்லாத இன்னொரு வரியும் இருந்தது: ‘பள்ளர் களியாட்டம்’. யார் பாடுகிறார்கள் என்பதைப் பாட்டே சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் அதை மறைத்துப் பாடியிருக்கிறோம், அல்லது மறைத்துப் பாட வைக்கப்பட்டிருக்கிறோம்.

இந்தப் பாட்டை நாம் என்ன செய்வது? கூட்டங்களில் நம் தோழர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். “பார்ப்பான் எழுதின பாட்டு நமக்கெதுக்கு” என்று தூக்கி எறிகிறவர்கள் ஒரு பக்கம். “மகாகவியே நமக்காகப் பாடிட்டாரு” என்று கும்பிடுகிறவர்கள் ஒரு பக்கம். எனக்கு இரண்டும் சரிப்படவில்லை. பாட்டைப் பாட்டாகப் படித்துப் பார்ப்போம்.

1

பாரதி செத்தது 1921 செப்டம்பரில். வெள்ளைக்காரன் போக அதற்குப் பிறகும் 26 ஆண்டுகள் ஆயின. ஆனால் பாட்டு, சுதந்திரம் வந்து சேர்ந்துவிட்டதாகவே சொல்கிறது. வரப்போகிறது என்றோ வர வேண்டும் என்றோ சொல்லவில்லை. 1947 ஜனவரியில் வெளியான ஏவி.எம்.மின் ‘நாம் இருவர்’ படத்தில் இந்தப் பாட்டு சேர்க்கப்பட்டது. நாடு விடுதலையாவதற்கு ஏழு மாதம் முன்பே சினிமாக் கொட்டகைக்குச் சுதந்திரம் வந்துவிட்டது. படத்தில் பாடிய டி.கே. பட்டம்மாளே 1947 ஆகஸ்ட் 15 அன்று வானொலியிலும் பாடினார். அன்றைக்குத்தான் பாட்டின் இறந்தகாலம் உண்மையான இறந்தகாலம் ஆனதாக நாடு எடுத்துக்கொண்டது.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு இடம் உண்டு. தொல்காப்பியம் வினையியலில், வரப்போகிற செயலையும் விரைவு கருதி நடந்து முடிந்ததாகச் சொல்லலாம் என்று விதி இருக்கிறது. ஒருவன் வீட்டுக்குள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். வாசலில் நின்று தோழன் கூப்பிடுகிறான். உள்ளே இருப்பவன் “வந்தேன்” என்கிறான். வரவில்லை, வரப்போகிறான். ஆனாலும் அது பிழையில்லை. காலவழுவமைதி என்று வகுப்பில் படித்தோம்.

எங்கள் அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவர். சின்ன வயதில் நானும் தம்பியும் சாயங்காலம் கேட் ஓரம் போய் நிற்போம். உள்ளேயிருந்து தலையை மட்டும் நீட்டி, “தோ வந்துட்டேன்” என்பார். ஓவர்டைம் முடிந்து வர இரவு எட்டாகும். அந்த “வந்துட்டேன்” பொய்யில்லை. வர வேண்டும் என்ற தவிப்பு அது. ஆனால் கேட்டுக்கு வெளியே பசியோடு நிற்கிற பிள்ளைக்கு அதை நம்பி எவ்வளவு நேரம் நிற்க முடியும்?

சுதந்திரப் பள்ளின் காலமும் இந்தக் காலம்தான். பாரதி எழுதியபோது அது விரைவு. அவன் அவசரத்தை நான் சந்தேகப்படவில்லை. 1947இல் ஒரு சாராருக்கு அது நடந்து முடிந்த செயல் ஆனது. கோட்டை, கொடி, கோர்ட், கலெக்டர் நாற்காலி எல்லாம் கைமாறின. பாட்டு யார் வாயில் வைக்கப்பட்டதோ, அவர்களுக்கு மட்டும் அது இன்னும் காலவழுவாகவே நிற்கிறது. இந்தப் பாட்டைப் பற்றி நான் சொல்ல வந்தது முக்கியமாக இதுதான்.

2

பாரதி ஏன் பள்ளு வடிவத்தை எடுத்தான்? பள்ளு நமக்குச் சிற்றிலக்கிய வகையாகப் பாடத்தில் வருவது. முக்கூடற்பள்ளைச் சந்த நயத்துக்காகவும் நெல் வகை, மாட்டு வகை, மீன் வகைப் பட்டியல்களுக்காகவும் கேள்வித்தாளில் கேட்பார்கள். அதன் கதையை யாரும் கேட்பதில்லை.

கதை என்ன? பள்ளன் ஒருவன், அவனுக்கு இரண்டு மனைவிகள். இளையவள் வீட்டிலேயே கிடக்கிறான், பண்ணை வேலை கெடுகிறது என்று மூத்தவள் பண்ணைக்காரனிடம் முறையிடுகிறாள். பண்ணைக்காரன் பள்ளனைப் பிடித்துக் குட்டை மரத்தில் காலை மாட்டிப் போடுகிறான். பிறகு முறையிட்ட மூத்தவளே மனசு தாங்காமல் கெஞ்சுகிறாள். அவிழ்த்து விடுகிறான். அவிழ்த்துவிடப்பட்டவன் நேராக வயலுக்குப் போகிறான், கணக்குச் சொல்கிறான், உழுகிறான், மாடு முட்டி விழுகிறான், எழுகிறான், நடவு நடக்கிறது, நெல் விளைகிறது. அவன் பெண்டாட்டிகள் ஏசிக்கொள்வது அவையோருக்குச் சிரிப்பு.

பழைய பள்ளில் விடுதலை என்றால் குட்டை மரத்திலிருந்து கால் வெளியே வருவது. அதுவும் ஆண்டையின் தயவில், மறுபடி உழுவதற்காக. எங்கள் தாத்தா சொன்ன “மறுநாளு ஷாப்பு தொறந்தாங்க, போனோம்” என்பதும் இந்தக் கதைதான்.

பாரதியின் வேலை இந்த இடத்தில்தான் பெரிசு. கதையைத் தூக்கிப் போட்டுவிட்டான். பண்ணைக்காரன் இல்லை, சக்களத்திச் சண்டை இல்லை, கேலி இல்லை. வேடிக்கை பார்க்கப்பட்டவர்கள் தாங்களே ‘நாம்’ என்று பேசுகிறார்கள். ‘விடுதலை’ என்ற இன்னொரு பாட்டில் பறையர், புலையர் என்று நம்மை வரிசையாகப் பெயர் சொல்லி, எல்லோருக்கும் விடுதலை என்று அவன் பாடியிருக்கிறான். அங்கே நாம் நான்காம் வேற்றுமையில் நிற்கிறோம். ‘கு’ உருபு ஏற்று, யாரோ கொடுப்பதை வாங்கிக்கொள்கிற இடம் அது. பள்ளில் நாம் எழுவாய். எடுத்துக்கொள்கிறவர்கள். பாரதி கவிதையை ஆராய்ந்தவர்கள் சந்தத்தைப் பேசினார்கள், தேசபக்தியைப் பேசினார்கள். வேற்றுமை மாறியதைப் பேசினார்களா?

அதே சமயம், இந்த ‘நாம்’ கடன் வாங்கிய நாம் என்பதையும் சொல்ல வேண்டும். எழுதியவன் அக்ரஹாரத்தில் பிறந்தவன். புதுச்சேரியில் தலித் இளைஞர் கனகலிங்கத்துக்குப் பூணூல் போட்டுவிட்டவன் அவன். அது துணிச்சலான காரியம், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மேலே இருக்கும் அடையாளத்தைக் கீழே இருப்பவனுக்கு மாட்டிவிடுவதுதான் அவனுக்குத் தெரிந்த சமத்துவம். பள்ளில் அதற்கு நேர் எதிராக, கீழே இருப்பவன் வாயை இவன் எடுத்துக்கொண்டான். அந்த வாயால் பேசியபோதுதான் பூணூல் போட்ட கையால் செய்ய முடியாததைச் சொல்ல முடிந்தது.

3

அது என்ன? டீச்சர் தாண்டிப் போன முதல் சரணம்தான். அதில் பார்ப்பனரை மரியாதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலம் முடிந்ததாக முதலில் வருகிறது. வெள்ளையனை எசமானாக எண்ணிக் கூப்பிட்ட காலம் முடிந்தது இரண்டாவதாகத்தான் வருகிறது. பிச்சை வாங்கித் தின்பவனுக்கே பணிந்து நின்றதும், ஏமாற்றுகிறவனுக்கு ஏவல் செய்ததும் அடுத்தடுத்து முடிகின்றன. வரிசையைக் கவனியுங்கள். பள்ளர் வாயால் சுதந்திரம் பேசினால் முதல் எதிரி உள்ளூரில் இருக்கிறான். வெள்ளைக்காரன் அவனுக்குப் பின்னால்தான்.

வேலூர்க்காரர்களுக்கு இந்த வரிசை முக்கியம். எங்கள் ஊரில் சுதந்திரம் என்றால் 1806 ஜூலை 10. கோட்டைச் சிப்பாய்கள் எழுந்த நாள். அதற்குக் காரணங்களில் ஒன்று புதுத் தலைப்பாகை. அதில் தோலால் செய்த குஞ்சம் இருந்தது. நெற்றியில் சாதிச் சின்னம் வைக்கக்கூடாது, தாடியைத் திருத்த வேண்டும் என்ற கட்டளைகளும் சேர்ந்துகொண்டன. அந்தச் சிப்பாய்களின் சாவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தோல் தலையில் படுவது அவமானம் என்ற இடத்திலிருந்து தொடங்குகிற விடுதலைக் கதையில், தோலிலேயே கையும் காலும் ஊறிப்போன சனத்துக்கு எந்த இடம்? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று ஊர் ஊராகத் தோல் பதனிட்டுத்தான் இந்த மண் பிழைத்தது. அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் நம் தெருக்காரர்கள். அவமானம் என்று ஒதுக்கப்பட்ட பொருளிலிருந்து வந்த சோறு அது. சாதி மானத்திலிருந்து பேசாமல் கீழேயிருந்து பேசுகிற விடுதலைப் பாட்டு என்பதால்தான் சுதந்திரப் பள்ளு எனக்கு ஒட்டுகிறது.

பாட்டின் நடுச் சரணங்கள் எல்லோரும் சமம், பொய்யும் புரட்டும் ஒழிந்தது என்று போகின்றன. மேடைக்குப் பொருத்தமான சரணங்கள். எவனுக்கும் வலிக்காது. அதற்கடுத்த சரணத்தில் மறுபடி சூடு ஏறுகிறது. உழைப்பை வணங்குவது, உட்கார்ந்து தின்பவனை இகழ்வது, உதவாதவனுக்காக உழைத்து உடம்பு தேயமாட்டோம் என்று சொல்வது. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்கள் தாத்தாவின் குழியில் இன்று வேறு மொழி பேசுகிறவன் இறங்குகிறான். உடம்பு மாறியிருக்கிறது, குழி மாறவில்லை.

கடைசிச் சரணம்தான் பாட்டின் சாரம். நாடு நமக்குச் சொந்தம், நமக்கே உரிமை என்று தெரிந்துகொண்டோம் என்கிறது. பழைய பள்ளிலும் நாடு வரும். முக்கூடற்பள்ளில் மூத்தவள் ஒரு கரை நாட்டின் வளத்தைப் பாடுவாள், இளையவள் எதிர்க்கரை நாட்டைப் பாடுவாள். ஒரு சாண் நிலம் இல்லாத இரண்டு பெண்கள் நாட்டு வளம் பாடிப் போட்டி போடுவார்கள். எனவே நாட்டைப் பாடுவது பள்ளுக்குப் பழசு. உரிமை என்று சொன்னதுதான் புதுசு.

ஆனால் பாரதி நாடு என்றான், நிலம் என்று சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில்தான் நம் வரலாறு முழுவதும் கிடக்கிறது. நாடு கிடைத்த பிறகு நிலத்தைக் கேட்டவர்களுக்கு என்ன நடந்தது? 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி கூடக் கேட்ட சனத்தில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பள்ளுப் பிறந்த நெல் வயல் அது. உயர் நீதிமன்றத்தில் மிராசுதார்களுக்கு விடுதலை கிடைத்தது. ஆமாம், அதற்கும் தமிழில் விடுதலை என்றுதான் பெயர். வெள்ளைக்காரன் 1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைக் காரணையில் திருப்பிக் கேட்டபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

கடைசி அடியில் இன்னொரு பிடி இருக்கிறது. பூமியில் எவனுக்கும் அடிமையில்லை, முழுமுதல் கடவுளுக்கு மட்டும் அடிமை என்று முடிகிறது பாட்டு. ஆண்டையிடமிருந்து மீட்டவனை ஆண்டவனிடம் ஒப்படைக்கிற பழைய வேலை. கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் கீர்த்தனையிலும் இதைத்தான் பார்த்தோம். வேதியரின் வயலிலிருந்து விடுபட்டவன் நேராக நெருப்பில் இறங்குகிறான். அடிமை என்ற சொல்லை முற்றாக விட்டுவிட பாரதிக்கு மனசு வரவில்லை. அந்த அடியை நான் பாடுவதில்லை. அது என் உரிமை.

4

பாரதி பாடிய அதே காலத்தில் சென்னை ராயப்பேட்டையில் இன்னொருவர் இருந்தார். 1907 ஜூன் 19இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர். 1914இல் சாகிறவரை சுதேசிக்காரர்களை அவர் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சாதியை வைத்துக்கொண்டு சுயராச்சியம் என்றால் யாருடைய ராச்சியம் என்பதுதான் அவர் கேள்வியின் அடிநாதம். கோலார் தங்கவயல் வரை அவருக்கு வாசகர்கள் இருந்தார்கள். வட ஆற்காட்டிலிருந்து பிழைக்கப் போன நம் சனம்தான் அந்தச் சுரங்கத்தில் நிறையப் பேர்.

ஒருவர் கொண்டாட்டத்தை எழுதினார், ஒருவர் கேள்வியை எழுதினார். பாடப்புத்தகம் கொண்டாட்டத்தை எடுத்துக்கொண்டது. பண்டிதரின் எழுத்து பல பத்தாண்டுகள் புதைந்து கிடந்து 1990களின் கடைசியில்தான் தொகுதிகளாக வந்தது. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் பேசியது பண்டிதரின் கேள்விக்குத் தொடர்ச்சி. 1950 ஜனவரி 26இல் அரசியலில் சமத்துவமும் வாழ்க்கையில் சமத்துவமின்மையும் உள்ள முரண்பாட்டுக்குள் நாம் நுழைகிறோம் என்று எச்சரித்தார். சுதந்திரப் பள்ளைப் படிக்கிறபோது இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும்.

5

இனி பாலாற்றுக்கு வருகிறேன்.

1989இல் வட ஆற்காட்டைப் பிரித்தபோது எங்கள் மாவட்டத்துக்கு அம்பேத்கர் பெயர் வைத்தார்கள். 1990களிலேயே அது போய்விட்டது. 1997இல், தேவேந்திரர் சமூகத்து வீரர் சுந்தரலிங்கத்தின் பெயரை ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்ததற்கே தெற்கே கலவரம் நடந்தது. அரசு எல்லாத் தலைவர்களின் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் பஸ்களிலிருந்தும் அழித்தது. பள்ளர் களியாட்டத்தை ரேடியோவில் கேட்டு ரசித்த தமிழ்நாட்டுக்கு, அந்த மக்களில் ஒருவன் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறப் பிடிக்கவில்லை. அந்த மக்கள் இன்று பள்ளர் என்ற பெயரே வேண்டாம் என்று போராடி, 2021இல் தேவேந்திரகுல வேளாளர் என்ற பெயரைச் சட்டமாக்கிவிட்டார்கள். பாரதி பாட்டின் தலைப்பு இனி யாரைக் குறிக்கும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

2019 ஆகஸ்ட் 15. சுதந்திர தின உரையில் முதலமைச்சர் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரிப்பதாக அறிவித்தார். ஆம்பூரில் வெடி வெடித்தார்கள். இனி கலெக்டர் ஆபீஸ் கிட்ட என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். அன்றைக்கும் எங்கோ ஒரு பள்ளிக்கூடத்தில் சுதந்திரப் பள்ளு பாடியிருப்பார்கள்.

ஆகஸ்ட் 17. வாணியம்பாடி பக்கம் நாராயணபுரம். விபத்தில் செத்துப்போன ஒரு தலித்தின் உடலைத் தூக்கி வருகிறார்கள். ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகிற வழி ஆதிக்க சாதியார் நிலத்தில். வழி இல்லை. பாலத்தின் மேல் பாடையை நிறுத்தி, கயிறு கட்டி, ஏறக்குறைய 20 அடி உயரத்திலிருந்து உடலைக் கீழே பாலாற்றில் இறக்குகிறார்கள். மேலே நான்கைந்து பேர் கயிற்றை விடுகிறார்கள், கீழே நான்கைந்து பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். அதனால் நாடு பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. நமக்குத் தனிச் சுடுகாடு ஒதுக்குவதே சாதியை அரசு ஊக்குவிப்பது ஆகாதா என்றும் கேட்டது.

அந்தப் படத்தை நான் பலமுறை பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசிச் சரணம் மண்டையில் ஓடியது. நாடு நமக்குச் சொந்தம் என்று தெரிந்துகொண்டோம். சரி. பாலத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் கயிற்றில் தொங்கிய அந்த உடம்பு எந்த நாட்டில் இருந்தது? பாலம் அரசாங்கத்துச் சொத்து. ஆறு பொதுச் சொத்து. நடுவில் இருக்கிற வழி மட்டும் சாதியின் சொத்து. நாடு என்ற சொல்லுக்கும் நிலம் என்ற சொல்லுக்கும் உள்ள தூரத்தை அளந்து பார்க்க வேண்டுமானால் அந்தக் கயிற்றின் நீளத்தை அளந்தால் போதும்.

6

அப்படியானால் பாட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா? நான் மாட்டேன்.

ஒரு காரணம், முதல் சரணத்துக்கு இன்னும் பயம் இருக்கிறது. அதைத் தாண்டிப் பாடச் சொன்ன டீச்சருக்குத் தெரிந்த அளவுகூட நமக்கு அதன் பலம் தெரியவில்லை. இன்னொரு காரணம், இது ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இந்த நாட்டின் தேசியகவி, வரப்போகிற சுதந்திரம் யாருடைய வாயிலிருந்து வந்தால் உண்மையாக இருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அதை ரேடியோவில் பாடி நாடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. கடன் பத்திரத்தைக் கடன்காரன் கிழிக்கலாம், கடன் கொடுத்தவன் கிழிப்பானா? பட்டா இல்லாத சனம் கையில் கிடைக்கிற எந்தக் காகிதத்தையும் பத்திரமாகத்தான் வைத்துக்கொள்ளும்.

எங்கள் தெருவில் சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். போன ஆகஸ்டில் இந்தப் பாட்டை முதல் சரணத்திலிருந்து முழுசாகச் சொல்லிக்கொடுத்தேன். அடைப்புக்குறிக்குள் இருக்கிற தலைப்பையும் சேர்த்து. ஏழாவது படிக்கிற ஒருத்தி எழுந்தாள்.

“அக்கா, வந்துட்ச்சின்னு பாடறோமே, எப்ப வந்துச்சி?”

காலவழுவமைதியை அவளுக்கு எப்படிச் சொல்வது? எங்கள் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்குள்ளிருந்து “தோ வந்துட்டேன்” என்றதையும், நாங்கள் வெளியே நின்றதையும். அவள் அம்மாவும் ஷூ கம்பெனிதான். சட்டென்று புரிந்துவிட்டது.

“அப்ப நம்பளே உள்ள போயி கூட்டினு வந்துடணும்க்கா” என்றாள்.

அந்த வருஷம் அவர்கள் முழுப் பாட்டையும் தெருவிலேயே பாடினார்கள். மேடை இல்லை, மைக் இல்லை. கடைசி அடிக்கு முன்னால் நிறுத்தச் சொல்லியிருந்தேன். நிறுத்தினார்கள். எங்கள் தாத்தா இருந்திருந்தால் அன்றைக்கும் சும்மாதான் இருந்திருப்பார். ஆனால் அன்று ஷாப்பு லீவு. இப்போது அந்த லீவுக்குச் சம்பளம் உண்டு. அதுவும் யாரும் தானாகக் கொடுத்ததில்லை, கேட்டு வாங்கியதுதான்.